கேமரா ஏறாத மலை

1972 ஆகஸ்ட் 27. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வெனிட்டா என்ற சிற்றூர். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி அடிக்கிறது. கடனில் தத்தளித்த ஒரு சின்னப் பால்பண்ணைக்குப் பணம் திரட்டித் தர, கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு திறந்தவெளியில் வாசிக்கிறது. அந்தப் பண்ணையின் தயிர் லேபிளிலேயே நுழைவுச்சீட்டை அச்சடித்திருந்தார்கள். சூட்டில் கிடார்கள் சுருதி விலகிக்கொண்டே இருந்தன. மேடைக்குப் பின்னால் நட்டிருந்த கம்பத்தின் உச்சியில் ஒருவர் ஒட்டுத்துணி இல்லாமல் ஏறி நின்று, பாட்டுக்குப் பாட்டு ஆடித் தீர்த்தார்.

அரை நூற்றாண்டு கழித்தும் இவ்வளவும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. அன்று அந்த மைதானத்தில் சில இளைஞர்கள் 16 எம்.எம். கேமராக்களோடு நின்றதுதான் காரணம். அவர்கள் எடுத்த 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற படம் பல்லாண்டுகள் கைக்குக் கை மாறிய பிரதிகளாகவே சுற்றி, 2013இல்தான் முறையாக வெளிவந்தது.

சைக்கடெலிக் ராக் என்று பெயர்பெற்ற அந்த இசை 1960களின் நடுவில் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் கிளைத்தது. மூன்று நிமிடப் பாட்டை இருபது, முப்பது நிமிடத்துக்கு விரித்து வாசிப்பார்கள். நம் கச்சேரி மேடையின் ஆலாபனையிலிருந்து அது வெகுதூரம் இல்லை. 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் நடந்த விழாவை ஆவணப்பட இயக்குநர் டி.ஏ. பென்னிபேக்கர் படமாக எடுத்தபோது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிடாரைக் கொளுத்திய காட்சியோடு முடிக்காமல், ரவிசங்கரின் சிதாரும் அல்லா ரக்காவின் தபலாவும் சேர்ந்து முழங்கிய நீண்ட வாசிப்பைத்தான் கடைசியில் வைத்தார். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவின் தொடக்க உரையை ஆற்றியவரோ தமிழர்: கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. பல லட்சம் பேர் கூடிய அந்தப் புல்வெளியின் மேடையில் தாடியோடு அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது.

இந்தப் படங்களையெல்லாம் தேனி மாவட்டத்தில் தேவாரம் என்ற ஊரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. இந்த மலையடிவாரத்திலும், அதே காலத்தில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே, கூட்டம் கூட்டமாக மக்கள் விடிய விடியப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதன் படம் எங்கே?

தேவாரத்திலிருந்து கோம்பை போகிற சாலையில் அடுத்து வருவது பண்ணைப்புரம். அந்த ஊரின் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். தம்பிகள் பாஸ்கர், ராசய்யா, அமர்சிங் மூவரும் ஒவ்வொருவராக அவரோடு சேர்ந்தார்கள். 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் மதுரைச் சீமை முழுக்கக் கட்சிக் கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் அவர்கள் மேடை போட்டார்கள். ராசய்யா பிறகு இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். இந்த இருவரின் புகழில் மூத்தவரின் மேடை மறைந்துபோனது. உண்மையில் அந்த மேடைதான் இந்தக் கதையின் மையம்.

தேவாரத்துக்கு மேற்கே சுவர்போல நிற்கும் மலைக்கு அந்தப் பக்கம் உடும்பன்சோலையும் தேவிகுளமும். ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும் நிறைந்த அந்த மேட்டுநிலத்தில் உழைப்பவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசுபவர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு உறுதியானது, ஆனால் ஆள் போக்குவரத்து நிற்கவில்லை. கூலிக்குப் போகிறவர்கள் சாக்கலூத்து மெட்டு, போடி மெட்டு என்ற கணவாய்கள் வழியாக ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்றும் விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையேறுகின்றன.

1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை அமைந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தவை 126 இடங்களில் 60. ஆதரித்த சுயேச்சைகளைச் சேர்த்தால்தான் ஆட்சி. அப்படிப்பட்ட நேரத்தில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு வேட்பாளர் ஒருவரின் மனுவைத் தவறாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்பது காரணம். 1958 மே மாதம் இடைத்தேர்தல். ஒவ்வோர் இடமும் உயிர்நாடியாக இருந்த அமைச்சரவைக்கு இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல, பிழைத்திருக்கும் பிரச்சினை.

வாக்காளரில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். மலையாளத்தில் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவர்கள் குடியிருந்த லயங்களில் போய்ச் சேராது. அப்போதுதான் அடிவாரத்திலிருந்து பாவலரை அழைத்தார்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பையன் ராசய்யாவும் அண்ணனோடு மலையேறினார். பெண்குரலில் பாட வேண்டிய இடங்களை அந்தப் பிள்ளைதான் பாடினார். குரல் உடைந்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறினார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாவலரின் உத்தி எளிமையானது, கூர்மையானது. எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார், அல்லது வயலில் பாடுகிற தெம்மாங்கை எடுத்துக்கொள்வார். அதில் அன்றைய செய்தியை, கூலிக் கணக்கை, எதிர்க்கட்சியின் பேச்சை வைத்துக் கட்டுவார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் இரண்டாவது அடியிலேயே கூட்டம் கூடப் பாடத் தொடங்கிவிடும். எட்டு மணிநேரம் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. ரோசம்மா புன்னூஸ் முந்தைய தேர்தலைவிடக் கூடுதல் வித்தியாசத்தில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று இ.எம்.எஸ். பாராட்டியதாக இந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

ஒரு மாநில அரசு பிழைத்திருக்கத் துணைநின்ற பாட்டுக் கச்சேரிகள் அவை. உட்ஸ்டாக் எந்தத் தேர்தலையும் வென்று தரவில்லை. ஆனாலும் உட்ஸ்டாக்கின் சேறுகூட நமக்குத் தெரியும். தேவிகுளத்து மேடையில் எத்தனை பேர் நின்றார்கள், மைக் செட் பாட்டரியில் ஓடியதா, பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்ட ஓர் அடி பிலிம்கூடப் பொதுவெளிக்கு வந்ததில்லை.

இதற்குத் திறமைக் குறைவு காரணம் அல்ல. பென்னிபேக்கரின் கையில் தோளில் தூக்கி ஓடக்கூடிய, ஒலியோடு ஒத்து இயங்குகிற 16 எம்.எம். கேமரா இருந்தது, அதை உருவாக்குவதில் அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலோ பிலிம் என்பது அந்நியச் செலாவணி. கச்சா பிலிமுக்கு ஒதுக்கீடு வாங்கி, சினிமாக் கம்பெனிகளே வரிசையில் நின்ற காலம். நம் மாநிலத்திலேயே, ஊட்டியில், இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை 1960இல் தொடங்கப்பட்டும் உற்பத்திக்கு வர 1967 ஆனது. ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்டவேண்டும் என்பது அன்றைய விதி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்கள் அணைக்கட்டுத் திறப்பையும் தலைவர்களின் வெளிநாட்டுப் பயணத்தையும் பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர் ஒருவர் மலையில் பாடுவதை எடுக்க மத்திய அரசுக் கேமரா ஏன் வரப்போகிறது?

பெரிய பெயர்களுக்கே இங்கே தாமதம்தான். தஞ்சாவூர்ப் பரம்பரையின் பரதநாட்டியக் கலைஞர் டி. பாலசரசுவதியைச் சிறுவனாக இருந்தபோதே கல்கத்தாவில் பார்த்து வியந்தவர் சத்யஜித் ராய். 1960களில் அவரைப் படமாக்க நினைத்தது கைகூடவில்லை. தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்த 'பாலா' 1976இல் வெளிவந்தபோது பாலசரசுவதிக்கு வயது 58. கடற்கரைக் காற்றில் அவர் அபிநயம் பிடிக்கும் காட்சி அற்புதமானது. ஆனால் முப்பது வயதில் அவர் ஆடியதைக் கண்ட கண்கள் மூடிக்கொண்டே வருகின்றன. ராய் எடுக்காமல் விட்டிருந்தால் இந்த அரை மணிநேரமும் இல்லை.

படம் பிடித்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 1971 அக்டோபரில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவை இத்தாலியின் பாம்பெய் இடிபாடுகளில், ரசிகர்கள் இல்லாத பழைய வட்டரங்கில் வாசிக்க வைத்துப் படம் எடுத்தார் ஏட்ரியன் மேபன். மின்சாரம் போதாமல் நாட்கள் வீணாகி, ஊருக்குள்ளிருந்து கேபிள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டில் திரை முழுக்க டிரம்மர் நிக் மேசனே தெரிவார். மற்றவர்களை எடுத்த சுருள்கள் தொலைந்துபோனதே காரணம். படத்தில் சேராத நெகட்டிவ்கள் பிரான்ஸில் ஒரு காப்பகத்தில் எரிக்கப்பட்டன என்று மேபன் வேதனையோடு சொன்னார். எஞ்சிய மூல நெகட்டிவ் குழுவின் சொந்தச் சேகரிப்பில், மேலே சரியான பெயர்கூட எழுதப்படாத டப்பாக்களில் கிடைத்தது. அதைச் சட்டம் சட்டமாகச் சுத்தம் செய்துதான் 2025இல் மறுபடி தியேட்டர்களில் வெளியிட்டார்கள்.

கிரேட்ஃபுல் டெட் குழுவின் கதை இன்னும் முக்கியம். அவர்கள் இசையைக் காப்பாற்றியது கம்பெனிகள் மட்டுமல்ல, ரசிகர்களும்தான். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள், குழு தடுக்கவில்லை. 1984இலிருந்து அவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளின் ஒலிப்பதிவு இன்று இருக்கிறது. 1977 மே 8 கச்சேரியின் பதிவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. கேட்டவர்கள் அக்கறைப்பட்டதால் வாழ்ந்த இசை அது.

இங்கே, 1960களின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். பாவலர் தம்பியின் வெற்றியைப் பார்க்காமலே மறைந்தார். இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தது 1976இல்தான். அந்தப் படத்தின் பாட்டுகளைக் கேட்ட நகரத்து விமர்சகர்கள் கிராமத்து இசை திடீரென்று எங்கிருந்து குதித்தது என்று ஆச்சரியப்பட்டார்கள். பத்தாண்டு மேடைப் பயிற்சி அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதன் விளைவு அது. ஒரே ஒரு மலைக் கச்சேரி படச்சுருளில் இருந்திருந்தால், பல்லவி எந்த இடத்தில் நின்றால் கூட்டம் வாயைத் திறக்கும் என்பதை அந்தப் பையன் எங்கே கற்றுக்கொண்டார் என்று நேராகவே பார்த்திருக்கலாம். அண்ணன் பெயரைக் குடும்பம் மறக்கவில்லை. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ்.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. ஹாமர்ஸ்மித் ஓடியன் என்று முன்பு அழைக்கப்பட்ட அதே அரங்கில்தான், 1973 ஜூலை 3 அன்று டேவிட் போவியின் கச்சேரியைப் பென்னிபேக்கர் படமாக்கினார். பண்ணைப்புரத்து ராசய்யாவின் லண்டன் இரவைப் பற்றி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நிறையச் செய்தி தந்தன. தேவிகுளத்து இரவுகளுக்குச் சாட்சி, கேட்டவர்களின் நினைவு மட்டுமே.

அந்த நினைவை எடுத்துவைக்க இப்போது ஒதுக்கீடும் வேண்டாம், அந்நியச் செலாவணியும் வேண்டாம். 1958இல் பத்து வயதுப் பிள்ளையாக முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் எண்பதை நெருங்குகிறார்கள். தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி ஊர்களிலும் மலைக்கு அந்தப் பக்கத் தோட்ட லயங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். பாட்டு மெட்டு, மேடை நின்ற இடம், யார் என்ன வாசித்தார்கள், கூட்டத்தில் யார் எழுந்து ஆடினார்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்தப் பகுதிப் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களை அனுப்பிச் செல்பேசியிலேயே பதிவு செய்யச் சொல்லலாம். வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் கூட்ட நோட்டீசுகளையும் புகைப்படங்களையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொண்டுசேர்க்கலாம். பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த வருடத்துக் கச்சேரி என்பதை முதலிலேயே சொல்லவைத்துப் பதிவைத் தொடங்குங்கள்.