தவணைக் கணக்கும் இளம் வீரரும்: வீரர் பரிமாற்றம் குறித்துக் காரைக்குடியிலிருந்து ஒரு வாதம்

நிலைபெற்ற நட்சத்திர வீரர் ஒருவருக்காக இளம் வீரர்களை விட்டுக்கொடுக்கலாமா என்ற கேள்வியைத் திறமை ஒப்பீடாகவே பலரும் அணுகுகின்றனர். எவரை எத்தனை பருவங்கள் அணியால் தன்னிடம் வைத்திருக்க முடியும் என்பதே பரிமாற்றத்தின் நியாயத்தை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

செட்டிநாட்டுக்கு இக்கணக்கு புதிதன்று. பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாக உயர்ந்தார். வழக்கமான பணிக்காலம் மூன்றாண்டுத் தவணை. அதற்குரிய சம்பளம் முன்கூட்டியே பேசப்பட்டது. தவணை முடிந்தவர் வேறு முதலாளியிடம் சேரவும் வழியிருந்தது. பையனுக்குத் தொழில் கற்பித்த பலன் தனக்கே கிடைக்க வேண்டுமானால், அடுத்த படியும் தன் கடையிலேயே இருக்கிறது என்று முதலாளி காட்டியாக வேண்டியிருந்தது.

விளையாட்டிலும் இதே கேள்வி எழுகிறது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் செட்டிநாட்டின் காரைக்குடிக்கும் ‘காரைக்குடி காளை’ என்றோர் அணி இருந்தது. 2017இல் அவ்வணியில் இருந்த வருண் சக்கரவர்த்தி, மறு ஆண்டு மதுரை பாந்தர்ஸுக்குப் போனார், மதுரை கோப்பையை வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 8.40 கோடிக்கு எடுத்தது. அவரை விட்டுவிட்டதைக் காரைக்குடியின் அறியாமை என்று சொல்வது எளிது. நான் அப்படிக் கருதவில்லை. வளர்த்தவருக்கு விளைச்சலில் பங்கு இல்லாத அமைப்பில் பொறுமை காட்ட எந்த அணிக்கும் காரணமில்லை.

கூடைப்பந்தில் நிலைமை வேறு. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் இளம் வீரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞரை அணி நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொள்ள முடியும். அதன்பின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதிலும் அதற்கே கை ஓங்கியிருக்கும். 2019 கோடையில் நடந்த இரு பரிமாற்றங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பால் ஜார்ஜுக்காக லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ், ஒரே பருவம் ஆடியிருந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் கலினாரியையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. ஜார்ஜ் கோப்பையின்றி 2024இல் விலகினார். ஓக்லஹோமா 2025இல் வாகை சூடியது; ஷே அப்பருவத்தின் மிகமதிப்புமிக்க வீரரானார். கிளிப்பர்ஸிடமிருந்து வந்த தேர்வு உரிமைகளில் ஒன்றில் எடுக்கப்பட்ட ஜேலன் வில்லியம்ஸும் வாகை சூடிய அந்த அணியில் இருந்தார். அதே கோடையில் லேக்கர்ஸ், அந்தோனி டேவிஸுக்காக லோன்சோ பால், இங்கிரம், ஹார்ட் ஆகிய மூன்று இளைஞர்களைத் தேர்வு உரிமைகளோடு தந்து 2020இல் கோப்பையை வென்றது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? லேக்கர்ஸிடம் 34 வயது லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார். அவருடைய எஞ்சிய ஆண்டுகள் குறைவு என்றே அன்று கருத வேண்டியிருந்தது. இளைஞர்கள் முதிரும்வரை அவர் உச்சத்தில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. டேவிஸுக்கோ வயது 26தான். கிளிப்பர்ஸ் கொடுத்ததோ, நெடுங்காலம் தன் கையில் இருந்திருக்கக்கூடிய சொத்து.

ஷே போல எல்லா இளைஞரும் தேறுவதில்லை, நட்சத்திரமே உறுதியான முதல் என்று மறுப்பார்கள். முற்பாதி உண்மை. பிற்பாதிக்குத் தமிழ் தலைவாஸ் கபடி அணியே பதில். 2022இல் 2 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறினார். அறிமுகப் பருவம் ஆடிய நரேந்தர் 200க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதி கண்டது.

ஆகவே, கோப்பைக்கு ஓரிரு பருவத் தொலைவில் நிற்கும் அணி இளைஞரைத் தந்து நட்சத்திரத்தைப் பெறலாம். அடிமட்டத்தில் கிடக்கும் அணி பெறக்கூடாது. அத்தகைய அணி பொறுமையோடு இளைஞரை வளர்க்க வேண்டுமானால் விளைச்சலில் அதற்குப் பங்கு வேண்டும். கால்பந்தில் ஒரு வீரரின் மாற்றுத் தொகையில் 5 விழுக்காடு, 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு லீக்குகளை நடத்துவோர் அத்தகைய வளர்ப்புப் பங்கை விதியாக்க வேண்டும்.