ஆடும் எலிகளின் டாக்டர்

1993 ஏப்ரல் 7 மாலை அமெரிக்காவின் மில்வாக்கி நகர மேயர் ஜான் நார்க்விஸ்ட், 'தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்று ஊருக்கே அறிவித்த காட்சியை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால், அன்றைக்குள் அந்த ஊரில் ஏழு பேரின் மலத்தில் தட்டுப்பட்ட ஒட்டுண்ணி உருண்டையை முதன்முதலில் பார்த்தவரை ஒரு பத்தியில் அறிமுகப்படுத்திவிட வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதை நகராது.

எர்னஸ்ட் எட்வர்ட் டைசர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் நோய்க்கூறியல் நிபுணர். 1907இல் ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகளின் இரைப்பைச் சுரப்பிகளை மெல்லிய சீவல்களாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, யாரும் கண்டிராத ஓர் ஒட்டுண்ணி சுரப்பியின் சுவரில் அப்பிக்கொண்டிருந்தது. எலிகளோ கொழுகொழுவென்று இருந்தன. நோயே தராத ஒன்றை வேறொருவர் ஒதுக்கித் தள்ளியிருப்பார். டைசர் அதன் பிறப்பு, பெருக்கம், மலத்தோடு வெளியேறுவது வரை அத்தனை கட்டங்களையும் பார்த்து எழுதினார். கிரிப்டோஸ்போரிடியம் என்று பெயரும் வைத்தார். 1912இல் சிறுகுடலில் இன்னொரு வகையைக் கண்டார். அது இன்னும் சிறியது. கன்றுகளையும் மனிதர்களையும் பேதியால் படுக்கவைக்கும் வகை அதுதான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? மனிதரிடம் முதலில் கண்டறியப்பட்டது 1976இல். டைசர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த மனிதரை இத்தோடு விட எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானிய ஆடும் எலிகளை இவர் வளர்த்தார். உள்காதில் பிறவிக் கோளாறு; அதனால் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும் எலிகள். அவற்றிடம் வந்த ஒரு கட்டியைச் சாதாரண எலிகளுக்கு ஒட்டிப் பார்த்தால் வளரவில்லை. இரண்டையும் கலந்து பிறந்த முதல் தலைமுறையில் கட்டி செழித்து வளர்ந்தது. அந்தக் குட்டிகளின் குட்டிகளிடம் மறுபடி வளரவில்லை! இந்தப் புதிரை லிட்டில் என்ற இளைஞர் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை என்று விளக்கினார். உறுப்பு மாற்று சிகிச்சையில் உடல் எதை ஏற்கும், எதைத் தள்ளும் என்ற ஆராய்ச்சி அங்கிருந்து கிளைத்து, 1980இல் ஜார்ஜ் ஸ்னெல்லின் நோபல் பரிசு வரை போனது.

பிறகு அந்த ஆடும் எலிகள் கூட்டமாகச் செத்தன. வேறொருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். இவர் ஈரல்களை அறுத்துப் பார்த்து, 1917இல் ஒரு புதுப் பாக்டீரியா நோயை விவரித்தார். அது இன்றும் டைசர் நோய்தான்.

சறுக்கலும் உண்டு. 1913இல் ஹார்வர்டு குழுவோடு பெரு நாட்டுக்குப் போனார். ஒரோயா காய்ச்சலும் பெரு மருவும் ஒரே நோய் என்று காட்ட, மருவின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு 1885இல் உயிரை விட்டவர் லிமாவின் மருத்துவ மாணவர் டேனியல் கரியோன். ஹார்வர்டு குழுவோ இரண்டும் வேறு வேறு என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் கப்பலேறியது. 1920களில் நொகுச்சி என்ற ஆய்வாளர் கரியோன் பக்கமே நியாயம் என்று நிரூபித்தார். செத்த மாணவனை மெத்தப் படித்தவர்கள் பொய்யனாக்கியதை, டைசர் மீது எவ்வளவு பிரியம் இருந்தும், என்னால் மன்னிக்க முடியவில்லை.

பக்கம் தீரப்போகிறது. மில்வாக்கிக்கு வருவோம். ஹோவர்டு அவென்யூ சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மார்ச் 23 வாக்கில் கலங்கல் நீர் வரத் தொடங்கியது. நான்கிலிருந்து ஆறு மைக்ரான் அளவுள்ள, தடித்த ஓடு போர்த்திய கிரிப்டோஸ்போரிடியம் உருண்டைகளை வடிகட்டி நிறுத்தவில்லை. குளோரின் தொடவே இல்லை. அன்றைய அரசு விதிப்படி அது நல்ல தண்ணீர்தான். வழக்கமான மலப் பரிசோதனையில் இந்த ஒட்டுண்ணியை யாரும் தேடுவதில்லை. மருத்துவர் கேட்டால்தான் பார்ப்பார்கள். கேட்டுப் பார்ப்பதற்குள் ஊர் படுத்துவிட்டது. பின்னர் கணக்கிட்டபோது பாதிக்கப்பட்டோர் 4,03,000 பேர். எய்ட்ஸ் நோயாளிகள்தான் அதிகம் மாண்டார்கள். இந்தக் கதையில் வில்லன் ஒட்டுண்ணி அல்ல, 'விதிக்குள்தானே இருக்கிறது' என்ற சமாதானம் என்பது என் கட்சி.

மாடுகள் மேல் விழுந்த பழி, ஐஸ் கட்டிக்குள் கிடைத்த தடயம், மேயரின் அந்த இரவு எல்லாம் அடுத்த வாரம். அதுவரை, 'குளோரின் மாத்திரை போட்டால் போதாதா?' என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு: இந்தக் கிருமிக்குப் போதாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் முழுசாகக் கொதிக்கட்டும்.