பழைய காருக்குப் பெரிய டர்போ... பட்ஜெட்டில் செட் ஆகுமா?

கொட்டாம்பட்டி தாண்டி, திருச்சி நான்கு வழிச்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். உங்கள் பழைய டீசல் கார் இழுக்கவே இல்லை. ‘பெரிய டர்போ மாட்டிடலாமா?’ன்னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

பெரிய டர்போ சுழன்று வேகமெடுக்க நேரம் பிடிக்கும். அதனால் குறைந்த ஆர்.பி.எம்-மில் கார் இன்னும் மந்தமாகும். ஓவர்டேக்கில் அதுதான் ஆபத்து. கூடவே இ.சி.யூ ரீமேப், இன்டர்கூலர், கிளட்ச் எனச் செலவும் நீளும்.

சட்டமும் இருக்கு. விதிமீறி வாகனத்தை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

முதல்ல ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் ரெண்டையும் செக் பண்ணுங்க. ஹோஸில் விரிசல் இருந்தாலே பூஸ்ட் கசிந்து இழுவை போய்விடும். அதை மாற்றினாலே பழைய டர்போ மறுபடி இழுக்கும்!