துச்சாதனன் கேட்கும் மன்னிப்பு: பாரதக் கூத்தில் இசைவும் நடிகர் பாதுகாப்பும்

பாஞ்சாலியின் துகிலுரியும் கதையான பகடை துயில் ஆடும் இரவில், துச்சாதன வேஷம் கட்டியவர் பாஞ்சாலியின் முந்தானையில் கைவைப்பதற்குச் சற்று முன் ஆட்டம் நின்றுவிடும். மிருதங்கமும் முகவீணையும் ஓயும். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். அதுவரை உறுமிக்கொண்டிருந்தவர் துச்சாதனனின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் பேசுவார். கதையில் இருப்பதால் செய்கிறேன், குற்றமிருந்தால் பொறுத்துக்கொள் தாயே என்பது அந்தப் பேச்சின் சாரம். ஜமா எனப்படும் கூத்துக் குழுவுக்குக் குழு சொற்கள் மாறும், நீளமும் மாறும். ஆனால் வடதமிழகத்தில் நான் கண்ட ஆட்டங்களில், பின்னால் சொல்லப்போகும் ஒன்றைத் தவிர, இந்த நிறுத்தம் இல்லாத ஆட்டம் எதுவும் இல்லை.

இந்த இரண்டு மூன்று நிமிடங்களை இதுவரையான ஆய்வுகள் சடங்கின் பக்கம் ஒதுக்கிவிட்டன. திரௌபதி அம்மன் திருவிழாவோடு பிணைந்த கூத்தில் நடிகர் பாஞ்சாலியை அம்மனாகவே காண்கிறார், அவளைத் தீண்டும் பாவத்துக்கு முன்கூட்டியே பரிகாரம் தேடிக்கொள்கிறார் என்பது பரவலான வாசிப்பு. அதன் நீட்சியாக இன்னொரு கருத்தும் உண்டு. இசைவு என்பது மேலைநாட்டு ஒத்திகைக் கூடத்தில் பிறந்த சொல், சாமி வந்து இறங்கும் களத்தில் தனியொரு நடிகரின் சம்மதத்தைத் தேடுவது பொருந்தாது என்கிறது அது. முதல் வாசிப்பு முழுவதும் பிழை என்று நான் சொல்லவில்லை. பக்தி அங்கே இருக்கிறது, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறுக்க முடியாது. இரண்டாவது கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அமெரிக்க நாடக மேடைகளில் 2016க்குப் பிறகு நெருக்கக் காட்சிகளுக்கென்று தனிப் பொறுப்பாளர்கள் வரத் தொடங்கினார்கள். அந்தப் பொறுப்பாளர் செய்யும் வேலையின் ஒரு பகுதியை நம் ஜமாக்கள் தங்கள் வழியில் செய்துவந்திருக்கின்றன என்பதே என் வாதம்.

முதலில் வரிசையைப் பார்க்க வேண்டும். பரிகாரம் என்றால் காட்சி முடிந்த பிறகு செய்தாலும் பரிகாரம்தான். இங்கே தொடுவதற்கு முன் கேட்கப்படுகிறது. கேட்டு முடியும்வரை கை நீள்வதில்லை. கேட்பவரும் துச்சாதனன் இல்லை. வேஷத்தைக் கலைக்காமலே வேஷத்துக்கு வெளியே வந்து நிற்கும் மனிதர் அவர். அவர் ஆவேசத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது என்று விளக்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. தன்னை மறந்தவரால், ஒவ்வோர் ஆட்டத்திலும் கதையின் அதே இடத்தில் நின்று, தன் குரலுக்குத் திரும்பி, சபையைக் கும்பிட்டுவிட்டு மறுபடி வேஷத்துக்குள் போக முடியாது. ஆவேசம் வருவதுண்டு. அது இந்த நிறுத்தத்துக்குப் பின்னால் வருகிறது.

அடுத்து, அரிதாரம் பூசும் கொட்டகையில் நடப்பது. நான் உடனிருந்து பார்த்த ஒரு ஜமாவில், பாஞ்சாலி வேஷக்காரர் இரண்டு புடவை கட்டிக்கொண்டார். உள்ளே கட்டியது இடுப்பில் கயிறு போட்டு இறுக்கியது. யார் இழுத்தாலும் அசையாது. மேலே சுற்றியது வெறும் செருகல். முந்தானையைப் பிடித்து இழுத்தால் இடுப்பை வெட்டி இழுக்காமல் சுருள் சுருளாகக் கழன்று வரும். செருகிய இடத்தைத் துச்சாதன வேஷக்காரர் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பாஞ்சாலி சொன்னார், இவர் தலையாட்டினார். டோப்பா முடியில் எங்கே பிடிக்கலாம், எங்கே பிடித்தால் அது கழன்றுவிடும் என்பதையும் பேசிக்கொண்டார்கள். ஆர்மோனியப் பெட்டிக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே சுருதி சரிபார்த்தார். எவரும் அதைச் சடங்கு என்று சொல்லவில்லை, வாத்தியார் சொன்னது 'வேலை' என்ற ஒற்றைச் சொல். களத்தில் கற்பூரத்தின் முன் நடப்பது கொட்டகையில் ஏற்கெனவே நடந்த பேச்சின் பொது வடிவம் என்று நான் கருதுவதற்கு இதுவே தொடக்கம்.

இனி, கருத்து வேறுபாட்டின் மையத்துக்கு வருகிறேன். அந்த மன்னிப்பு யாரை நோக்கியது? அம்மனை என்றுதான் இதுவரை சொல்லிவந்தோம். ஆனால் அதே ஜமாவின் ஆட்டங்களில் பாஞ்சாலி வேஷக்காரர் செய்ததைப் பாருங்கள். தட்டு அவர் முன் வந்ததும் சுடரின் மேல் கைகாட்டி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் துச்சாதனன் முந்தானையைப் பிடித்தார். தட்டு வந்த நொடியில் பாஞ்சாலி வேஷக்காரர் அம்மனாக நின்றிருந்தால் ஆரத்தி அவருக்குக் காட்டப்பட்டிருக்கும். அவர் அசையாமல் நின்றிருப்பார். தெய்வம் ஆரத்தியை ஒற்றிக்கொள்வதில்லை, ஒற்றிக்கொள்வது வழிபடுகிறவர். எனவே அந்தக் கணத்தில் பாஞ்சாலியும் துச்சாதனனைப் போலவே வேஷத்துக்கு வெளியே வந்திருக்கிறார். இரண்டு நடிகர்கள் ஒரு சுடருக்கு முன் சமமாக நிற்கிறார்கள்; ஒருவர் கேட்கிறார், மற்றவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு விடை தருகிறார். இதை நான் ஒரே ஜமாவில்தான் கண்டேன், பொதுவிதியாக்கத் துணிய மாட்டேன். ஆனாலும் அந்தச் சைகையைப் பதில் என்று கொள்வதைவிடப் பொருத்தமான வாசிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

கதையும் இதற்கு இடம் தருகிறது. தன்னையே தோற்றவன் என்னைப் பணயம் வைக்க உரிமை எங்கிருந்து வந்தது என்று பாஞ்சாலி சபையில் கேட்கிறாள். பெரியவர்கள் நிறைந்த சபை வாய்மூடி இருக்கிறது. அவளிடம் எவரும் எதையும் கேட்காமலே எல்லாம் நடந்துவிட்ட கதை அது. அந்தக் கதையை ஆடும் கூத்தர்கள், அஸ்தினாபுரத்துச் சபை செய்யத் தவறியதைக் களத்தில் செய்கிறார்கள்: கேட்டுவிட்டுத் தொடுகிறார்கள். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மன்னிப்புக்கு இன்னொரு முகவரியும் உண்டு, அது சுற்றியிருக்கும் கூட்டம். விரதமிருந்து காப்புக் கட்டிய ஊர், நடுச்சாமம், முன்வரிசையில் அருள் வந்து ஆடும் பெண்கள். அந்த நேரத்தில் துச்சாதன வேஷக்காரரின் உடம்புக்குத்தான் ஆபத்து அதிகம். நான் நடிகன், உங்களில் ஒருவன் என்று ஊரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது அவருக்கு ஒரு கவசம். மெலட்டூர் பாகவத மேளாவில் பிரகலாத சரித்திரம் ஆடும்போது, நரசிம்ம முகமூடி அணிந்தவரை ஆட்கள் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். இரணியன் வேஷக்காரருக்கு அடிபடாமல் இருக்க அந்தப் பிடி வேண்டும். அதையும் உக்கிரத்தின் அடையாளம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறோம். அர்ச்சுனன் தபசில் உயரமான மரத்தில் தனியாக ஏறும் நடிகரைப் பற்றி எழுதப்பட்டவற்றிலும் மோட்ச ஏணி பற்றிய பேச்சே மிகுதி. மரத்தை நட்டவர் யார், அதன் உறுதியைச் சோதித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள். கூத்தில் பாஞ்சாலியும் ஆண்தானே, இசைவுக்கு அங்கே என்ன தேவை என்கிறார்கள். இழுபட்டு விழும் உடம்புக்கு அடிபடுவதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது, முத்தமும் தழுவலும் மேடையில் கூடாது என்று நாட்டிய சாத்திரம் விலக்கியதன் நாட்டார் வடிவமே இது என்பது. நாட்டிய சாத்திரம் சொல்லும் காரணம், தந்தையும் மகனும் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பார்ப்பார்கள் என்பது. அது பார்ப்பவரின் கூச்சம் பற்றிய விதி. கூத்து காட்சியை விலக்கவில்லை. ஊரே பார்க்க நடத்துகிறது, நடத்துவதற்கு முன் கேட்கிறது.

இதைப் பொற்காலச் சித்திரமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொட்டகையில் ஓர் இளம் நடிகர் வாத்தியாரிடம் இந்தக் காட்சி எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியாது. தாம்பூலம் வாங்கியாகிவிட்டது, ஊர் காத்திருக்கிறது. மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் அனுமதி பாதி அனுமதிதான். பெண்கள் வேஷம் கட்டும்போது இது இன்னும் கூர்மையாகிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கி 2020வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளுக்கும் கூத்து கற்றுத்தந்தது. இன்று பெண்கள் ஆடும் ஜமாவும் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது. பத்துக்குக் குறைந்தால் மாவட்டக் குழுவிடம் போகலாம். ஊர் ஊராக வேனில் போய் விடியவிடிய ஆடும் நடிகைக்கு அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று யார் சொல்லித்தருகிறார்கள்? கற்பூரத் தட்டு இந்தக் கேள்விக்கு விடையாகாது. அது வேறொரு விடை, காட்சிக்குள் இரண்டு உடம்புகள் ஒன்றையொன்று காப்பது பற்றியது.

அந்த விடையும் இப்போது கைநழுவுகிறது. முதலில் சொன்ன விதிவிலக்கு, நகரத்து அரங்கு ஒன்றில் நடந்த விழா. விடியவிடிய ஆடுவதை நாற்பது நிமிடமாக்கச் சொல்லியிருந்தார்கள். தீ கூடாது என்பதால் கற்பூரம் இல்லை, நேரம் இல்லை என்பதால் மன்னிப்பும் இல்லை. துகிலுரிதல் மட்டும் முழுதாக இருந்தது, அதற்குத்தான் கைதட்டலும் கிடைத்தது. இழுத்த வேகத்தில் பாஞ்சாலி வேஷக்காரர் முழங்கால் மடங்கி விழுந்தார். எழுந்து ஆடி முடித்தார். உள்ளே போய்ப் பார்த்தபோது தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. நிறுத்தம் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று என்னால் நிறுவ முடியாது. தொடப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

விழா நடத்தும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் விருத்தங்களில் இரண்டைக் குறையுங்கள். தீ கூடாதென்றால் தட்டில் பூவை வைத்துக்கொள்ளட்டும். அந்த மூன்று நிமிடங்களை மட்டும் வெட்டாதீர்கள்.