பற்சக்கரமும் பிறையும்: ஒரு கணக்கின் வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற விடுமுறையில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் என் சகோதரியின் மகன் திண்ணையில் ஒரு பொம்மை வண்டியைப் பிரித்துப் போட்டு அமர்ந்திருந்தான். ரிமோட்டால் இயங்கி, கல்லிலும் பாறையிலும் ஊர்ந்து ஏறும் வகை வண்டி அது. கொல்லைப்புறக் கற்குவியலில் பாதி ஏறியதும் மோட்டார் திணறிச் சூடேறி நின்றுவிடுகிறது என்பது அவனது குறை. “மாமா, இந்தச் சின்னச் சக்கரத்தை இன்னும் சின்னதா மாத்தினா ஏறிடும்ங்கிறாங்க. அது எப்படி?” என்று கேட்டான். உள்ளேயிருந்த என் உம்மா, “இதுல செலவழிக்கிற நேரத்துக்கு ரெண்டு பக்கம் ஓதலாமே” என்றார்.

உம்மாவின் கவலை நியாயமானது. பிள்ளையின் கேள்வியும் நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்றால், நம் முன்னோர் பிறையைக் கணக்கிட்ட இடத்தில் போய் நிற்போம் என்பதை இருவருக்கும் சொல்ல விரும்பினேன். அதுவே இக்கட்டுரையாயிற்று.

திண்ணையில் போட்ட கணக்கு

முதலில் வண்டியின் கணக்கைப் பார்ப்போம். மோட்டாரின் அச்சில் இருக்கும் சிறிய பற்சக்கரத்துக்குப் பினியன் என்று பெயர். அதனால் சுழற்றப்படும் பெரிய சக்கரம் ஸ்பர். பினியனில் 12 பற்களும் ஸ்பரில் 60 பற்களும் இருந்தால், பினியன் 5 முறை சுற்றினால்தான் ஸ்பர் ஒருமுறை சுற்றும். அதற்கடுத்த கியர் பெட்டிக்குள் 20 பற்களுள்ள சக்கரம் 52 பற்களுள்ள சக்கரத்தைச் சுழற்றினால் விகிதம் 2.6. இறுதியாக, சக்கரங்களைத் தாங்கும் அச்சில் 13 பற்கள் 39 பற்களைச் சுழற்றினால் விகிதம் 3. இம்மூன்றையும் பெருக்க வேண்டும்: 5 × 2.6 × 3 = 39. அதாவது மோட்டார் 39 முறை சுழன்றால் வண்டியின் சக்கரம் ஒருமுறை சுழலும்.

இப்போது 12 பற்களுள்ள பினியனை எடுத்துவிட்டு 10 பற்களுள்ளதை மாட்டுவோம். 60ஐ 10ஆல் வகுத்தால் 6. மொத்த விகிதம் 46.8 ஆகிறது. உராய்வில் இழப்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சக்கரத்தின் முறுக்கு விசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. டயரின் விட்டம் 120 மில்லிமீட்டர் என்றால், முன்பு மோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ 9.7 மில்லிமீட்டர் நகர்ந்த வண்டி இப்போது 8 மில்லிமீட்டரே நகரும். அந்த மெதுவான நகர்வில்தான் பாறையைப் பற்றி ஏறும் வலிமை இருக்கிறது.

இதில் பிள்ளைகள் அடிக்கடி மறக்கும் ஒன்று உண்டு. பினியனை மாற்றிய கையோடு, அழகுக்காக 144 மில்லிமீட்டர் டயரையும் மாட்டினால், பெற்ற வலிமை முழுவதும் திரும்பப் போய்விடும். 120ஐ 39ஆல் வகுத்தாலும் 144ஐ 46.8ஆல் வகுத்தாலும் விடை ஒன்றுதான். பற்சக்கரம் எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒரு கையால் கொடுத்தால் மறு கையால் வாங்கிக்கொள்ளும். தராசுத் தட்டுகளைப் போல அதன் வரவும் செலவும் சமமாகவே நிற்கும்.

நிலவைப் பல்லில் எண்ணியவர்கள்

பல் எண்ணிக்கையைப் பெருக்கியும் வகுத்தும் ஒரு சுழற்சியை இன்னொன்றாக மாற்றும் இந்தக் கலை மிகப் பழையது. கிரேக்கத்தின் ஆன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் வெளிக்கொணரப்பட்ட வெண்கலப் பொறி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலவின் ஓட்டத்தைப் பற்சக்கரங்களால் கணக்கிட்டது. பைசாந்தியப் பேரரசின் காலத்துச் சிறிய நாள்காட்டிப் பொறி ஒன்றின் உடைந்த பாகங்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. அதில் 59 பற்களுள்ள சக்கரம் ஒன்று இருக்கிறது. ஆகவே பற்சக்கரத்தை முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது உண்மையாகாது. தமக்கு முன்னிருந்தோரிடமிருந்து பெற்று, சோதித்து, செம்மைப்படுத்தி, எழுதிவைத்தார்கள் என்பதே உண்மை. நமக்குப் பெருமை சேர்க்க அந்த உண்மையே போதும்.

அவ்வாறு எழுதிவைத்தவர்களுள் முதன்மையானவர் அபூ ரைஹான் அல்பீரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். அஸ்துர்லாப் எனப்படும் வானளவைக் கருவியைச் செய்யும் முறைகள் பற்றிய தம் நூலில், ‘ஹுக்குல் கமர்’ என்ற ஒரு பொறியை விளக்குகிறார். ‘நிலவுப் பெட்டி’ என்பது அதன் பொருள். அதன் பற்கணக்கு இன்றும் நமக்குக் கிடைக்கிறது: 7, 59, 19, 59, 24, 48, தனிக் கிளையாக 10, 40.

என் மருமகன் வண்டிக்குப் போட்ட அதே கணக்கை இந்த எண்களுக்குப் போட்டுப் பாருங்கள். 7 பற்களுள்ள சக்கரம் நாளொன்றுக்கு ஒரு பல் வீதம் நகர்ந்தால் வாரத்துக்கு ஒரு சுற்று. அது 59 பற்களுள்ள சக்கரத்தைச் சுழற்றினால், அந்தச் சக்கரம் 59 நாட்களில் ஒரு சுற்றை முடிக்கும். அரைச் சுற்றுக்கு 29.5 நாட்கள். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறை வரையிலான சராசரிக் காலம் ஏறத்தாழ அதுவே. சக்கரத்தில் அரைப் பல் வெட்ட முடியாது. ஆகவே இரண்டு மாதங்களைச் சேர்த்து, முழு எண்ணாக்கி, 59 பல் வெட்டினார்கள்.

அடுத்த கிளையில், 7 பற்களோடு ஒரே அச்சில் சுழலும் 10 பற்கள் 40 பற்களைச் சுழற்றுகின்றன. 7ஐ 4ஆல் பெருக்க 28 நாட்கள். இது நிலவு விண்மீன்களுக்கிடையே ஒருமுறை சுற்றிவரும் காலத்தைக் காட்டுவதற்கானது. நிலவின் ‘மன்ஸில்கள்’ 28 என்று அரபியர் எண்ணிவந்ததையும் சூரா யாசீன் 39ஆம் வசனம் நிலவின் மன்ஸில்களைப் பற்றிப் பேசுவதையும் இங்கே நினைவுகூரலாம். எஞ்சிய சக்கரங்களையும் கோத்து 59 × 59 × 48 என்பதை 19 × 24 ஆல் வகுத்தால் 366.4 நாட்கள் வருகின்றன. அது சூரியனின் ஆண்டு. எட்டே எட்டுச் சக்கரங்களில் வாரமும் மாதமும் ஆண்டும் அடங்கிவிடுகின்றன.

எஞ்சிய மீதி

ஆனால் இந்த எண்களை மீண்டும் கவனியுங்கள். சூரிய ஆண்டு 366.4 நாட்கள் அல்ல. 365 நாட்களும் ஏறத்தாழக் கால் நாளும். விண்மீன்களுக்கிடையே நிலவின் ஒரு சுற்று 28 நாட்கள் அல்ல, ஏறத்தாழ 27.3 நாட்கள். பிறை மாதமும் சரியாக 29.5 நாட்கள் அல்ல, சராசரியாக 29.53 நாட்கள்.

அந்த 0.03 என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 29.5ஐ 12ஆல் பெருக்கினால் 354 நாட்கள். உண்மையான பன்னிரு மாதங்களுக்கு 354.367 நாட்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக எஞ்சுகிறது. மூன்றாண்டுகள் முடிவதற்குள் பொறி நிலவை ஒரு முழு நாள் முந்திவிடும். முப்பது ஆண்டுகளில் அந்த வேறுபாடு 11 நாட்களாகும். அந்தப் பெட்டியை மட்டும் நம்பி வானத்தைப் பார்க்காமல் இருப்பவர் ரமலானை முன்கூட்டியே தொடங்கிவிடுவார். பெருநாளையும் முன்கூட்டியே கொண்டாடிவிடுவார்.

இதை நம் முன்னோர் அறியாமல் இல்லை. வானவியலாளர்கள் பயன்படுத்திய ஹிஜ்ரி கணக்கு நாள்காட்டியில், 30 ஆண்டுகளுக்கு 11 ஆண்டுகள் 355 நாட்கள் கொண்டவையாக வைக்கப்பட்டன. பற்சக்கரம் விட்டுவிட்ட அந்த 11 நாட்களை அக்கணக்கு மீட்டுக்கொண்டது. அதன்படி சராசரி மாதத்தைக் கணித்தால் வரும் பிழை, ஒரு நாளாகச் சேர்வதற்கு ஏறத்தாழ 2500 ஆண்டுகள் ஆகும். அத்தனை நுட்பமான எண்ணைக் கையில் வைத்திருந்தவர்கள்தாம், விரலளவு பித்தளைச் சக்கரத்தில் 59 பல் போதும் என்று அமைந்தார்கள். பொறி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அது வானைப் பார்ப்பதற்கு உதவும் கருவி. வானுக்கு மாற்றாக வைக்கப்பட்டதன்று. அவ்வப்போது நிலவைக் கண்ணால் கண்டு பொறியைத் திருத்தி வைக்க வேண்டியிருந்தது.

பிறை விஷயத்தில் நம் ஊர்களில் நிலவும் கருத்து வேறுபாடுகளுக்குத் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. கணக்கை இகழ்வோரும் கண்ணால் காண்பதை இகழ்வோரும் இந்தப் பழைய பெட்டியை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் நம் பேச்சில் சற்று மென்மை கூடும் என்பதே என் எண்ணம்.

நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரு பொறி

அல்பீரூனி விளக்கிய பொறி இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அதே மரபைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. இஸ்ஃபஹான் நகரத்து முஹம்மத் இப்னு அபீபக்ர் என்ற கைவினைஞர் ஹிஜ்ரி 618இல், அதாவது கி.பி. 1221–22இல் செய்த பித்தளை அஸ்துர்லாப் அது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்புறம் வழக்கமான அஸ்துர்லாப். அதனுள்ளே பற்சக்கரங்கள். பின்புறத்தில் ஒரு வட்டச் சாளரம் நிலவின் வளர்பிறை, தேய்பிறைத் தோற்றத்தைக் காட்டும். சூரியனும் நிலவும் எந்த ராசியில் உள்ளன என்பதையும் அறியலாம். உடையாமல் முழுமையாக எஞ்சியுள்ள பற்சக்கரப் பொறிகளுள் இதுவே மிகப் பழமையானது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அது செய்யப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டுகளில்தான் மங்கோலியப் படைகள் மெர்வையும் நிஷாப்பூரையும் அழித்தன. கிழக்கே நகரங்கள் வீழ்ந்துகொண்டிருக்க, இஸ்ஃபஹானில் ஒருவர் அரம் கொண்டு பித்தளையில் பல் வெட்டி, எண்ணி, மீண்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பாரம் தாங்கிய பற்கள்

நிலவைக் காட்டும் சக்கரத்துக்குப் பாரம் இல்லை. பாறை ஏறும் வண்டிக்குப் பாரம் உண்டு. அத்தகைய பற்சக்கரங்களைப் பற்றி விரிவாக எழுதியவர் இஸ்மாயீல் அல்ஜஸரி. இன்றைய துருக்கியில் தியார்பக்கிர் எனப்படும் ஆமித் நகரில், அர்துக் வமிச அரசர் நாஸிருத்தீன் மஹ்மூதின் விருப்பத்திற்கிணங்க, ஹிஜ்ரி 602இல், அதாவது கி.பி. 1206இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்தார். பொறிக்கலையில் அறிவையும் பயன்தரும் செயலையும் ஒன்றிணைப்பது என்பது அந்நூலின் பெயர் தரும் பொருள்.

அதிலுள்ள நீரிறைக்கும் பொறிகளில் ஒன்றில், சக்கரத்தின் விளிம்பு முழுவதும் பல் வெட்டாமல் ஒரு பகுதியில் மட்டும் வெட்டினார். விலங்கு சுற்றிவரும்போது பற்கள் கவ்வியிருக்கும் வரை நீர்முகக்கும் அகப்பை மேலெழும். பற்கள் தீர்ந்ததும் அகப்பை தானே கீழிறங்கி மீண்டும் நீரில் மூழ்கும். இதில் ஒரு குறை உண்டு: விலங்கின் மீது பாரம் திடீரென ஏறும், திடீரென விலகும். அடுத்த பொறியில் அவர் நான்கு அகப்பைகளை வைத்து, அவற்றின் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவ்வும்படி அமைத்தார். பாரம் சுற்று முழுவதும் பரவியது. மோட்டார் சூடேறி நிற்கும் வண்டியை வைத்துக்கொண்டு என் மருமகன் தேடியதும் ஏறத்தாழ அதுவே: தாங்கக்கூடிய அளவில் பாரத்தைப் பகிர்வது.

அல்ஜஸரி தம் நூலில், பனூ மூஸா சகோதரர்களின் நீரூற்றுப் பொறிகளையும் ஆர்க்கிமிடீஸின் பெயரில் வழங்கிய கடிகார நூலையும் தாம் கண்டதைக் குறிப்பிடுகிறார். எங்கிருந்து பெற்றேன் என்பதை மறைக்கவில்லை. செய்து பார்த்துச் சோதிக்காத அறிவு ஐயத்துக்குரியது என்பதும் அவரது கருத்து. பெற்றதை ஒப்புக்கொள்வது, செய்து பார்ப்பது, எஞ்சும் பிழையை மறைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் இந்த வரலாறு நமக்கு விட்டுச்சென்ற அமானிதம்.

இன்று நம் இளைஞர்களுக்குச் சொல்லப்படும் வரலாற்றில் இரண்டு குறைகளைக் காண்கிறேன். ஒரு சாரார், எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்தோம் என்கிறார்கள். பிள்ளை கல்லூரிக்குச் சென்று ஆன்டிகிதெராவைப் பற்றிப் படிக்கும் நாளில் அந்த வீட்டுப் பேச்சின் மீது நம்பிக்கை இழக்கிறான். மறு சாரார், இவையெல்லாம் நமக்குத் தொடர்பில்லாதவை என்கிறார்கள். கணக்குப் பாடமும் மதரஸாவும் இரு வேறு உலகங்கள் என்று பிள்ளை முடிவுகட்டுகிறான். அளவோடும் உண்மையோடும் சொல்லப்படும் வரலாறு இவ்விரண்டிலிருந்தும் அவனைக் காக்கும்.

அன்று மாலை 10 பற்களுள்ள பினியனை மாட்டி, பழைய டயரையே வைத்துக்கொண்டோம். கணக்கை ஒரு தாளில் எழுதி, கீழே அல்பீரூனியின் எட்டு எண்களையும் எழுதிக் கொடுத்தேன். வண்டி முன்பைவிட மெதுவாக ஊர்ந்து கற்குவியலின் உச்சியை அடைந்தது. அதற்குள் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். உம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, “59ஆ? ரெண்டு மாசம்ல!” என்றார். யாரும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஆண்டுதோறும் மேற்கு வானில் பிறை தேடியவர் அல்லவா!

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அறிந்ததை உண்மையோடு எடுத்துச் சொல்லும் பண்பையும் வழங்குவானாக! ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.