வெறுங்கால் கட்சி

பதிப்பகத்திலிருந்து என் நாவல் திரும்பி வந்திருந்த சமயம். மனம் சோர்ந்து மேல்மலையனூர் வயல்வெளியில் நடந்தேன். அறுவடை முடிந்த நிலத்தில் சிறுவர்கள் புட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்சிக்குப் பூட்ஸ், மற்றதற்கு வெறுங்கால். யாரும் கேளாமலே நான் வெறுங்கால் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

இது இந்தச் சீமையின் பழைய சுபாவம். பக்கத்துச் செஞ்சியில் 1714-ல், நவாபின் பெரும் படையைச் சொற்ப வீரர்களுடன் எதிர்த்து மாண்டான் தேசிங்கு. வென்ற சாதத்துல்லா கானை யார் பாடுகிறார்கள்? தோற்றவனுக்குத்தான் இன்றும் கதைப்பாட்டு.

ஆனால் எளியவன் தோற்றே தீரவேண்டும் என்று விதியில்லை. 1911 ஜூலை 29, கல்கத்தா; ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்து வெள்ளையருக்கு எதிரே மோகன் பகான் சங்கத்தார். பதினொருவரில் பத்துப் பேருக்கு வெறுங்கால்! 1905-ல் கர்ஸன் பிரபு வங்காளத்தைப் பிளந்த புண் ஆறாத காலம் அது. மைதானத்தில் ஜனசமுத்திரம், ஆட்டம் கண்ணில் படாதவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டுக் கோல் கணக்கு சொன்னார்களாம்.

முதல் கோல் பட்டாளத்துக்கு. தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இன்னொன்று போட்டார். அதுவரை இந்தியச் சங்கம் எதுவும் தொடாத கேடயம் கைக்கு வந்தது.

அதனால் சுதந்திரம் வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் 36 வருஷம் ஆயிற்று. ஆனால் 'நம்மால் ஆகாது' என்ற பேச்சு அன்றே பொய்யாயிற்று.

வயலில் என் கட்சி தோற்றது. "நாளைக்கு வந்து பாருங்க, ஐயா!" என்றான் ஒரு பையன், முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டே.

அன்றிரவு கைப்பிரதியை மறுபடி பிரித்தேன்.