வல்லாள கோபுரமும் மதுரை விருந்தும்

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள கோபுரம் என்று ஒன்று உண்டு. ஒய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் பெயர் தாங்கிய கோபுரம் அது. துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் சிதைவுற்றபின், அவர் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார். அவருக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று மாசி மாதந்தோறும் திதி கொடுப்பதாக அவ்வூரார் நம்புகின்றனர்.

அவருடைய முடிவை நமக்குச் சொல்பவர் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. மதுரை ஸுல்தான் கியாஸுத்தீனை எதிர்த்த வல்லாளரின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என்கிறார் அவர். ஆகவே இதை இரு சமயங்களின் போர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

1342ஆம் ஆண்டளவில், 80 வயது வல்லாளர் போர்க்களத்தில் சிக்கினார். யாரென்று அறியாமல் அவரை வெட்ட ஓங்கினார் ஸுல்தானின் சகோதரர் மகன் நாஸிருத்தீன். "இவர்தாம் அரசர்" என்று அடிமை ஒருவன் சொன்னதும் ஓங்கிய கை நின்றது. மனிதர் அவரே, தகுதி தெரிந்ததும் நடத்தை மாறிவிட்டது. ஆயினும் அந்த மரியாதை அவருடைய செல்வம் தீரும் வரைதான். விடுவிப்பதாக வாக்களித்து, பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டபின், ஸுல்தான் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதைத் தாமே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார்.

அரசர் அல்லாத கைதிகளுக்கு அந்தச் சில நாள் மரியாதையும் கிட்டவில்லை. ஒருநாள் ஸுல்தான் உணவருந்திக்கொண்டிருந்தார். வலப்பக்கம் காழி, இடப்பக்கம் இப்னு பதூதா. கைதி ஒருவரையும், அவர் மனைவியையும், ஏழு வயது மகனையும் கொண்டுவந்தனர். அந்த இடத்திலேயே மூவரையும் வெட்டுமாறு ஆணை பிறந்தது. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு நாள் இத்தகைய கொடுமை தொடங்கியபோது, அஸர் தொழப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். காரணம் புரிந்த ஸுல்தான் சிரித்தாராம்.

போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதை அறியாதவரா அவர்? தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்து தீர்ப்பு வழங்கியவர். ஆனால் மதுரையில் அவர் விருந்தாளி. போதாக்குறைக்கு ஸுல்தானின் சகலை. இருவரும் ஸுல்தான் ஜலாலுத்தீனின் புதல்வியரை மணந்தவர்கள். காழி என்ற பொறுப்பு பேசச் சொன்னது; உறவும் விருந்தும் வாயை அடைத்தன. இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் கண்டதில்லை என்று அவர் பின்னாளில் பதிவு செய்தார். அந்தச் சிறுவனுக்கு அது பயன்படவில்லை.

அவரைப் பழிப்பது எளிது. நம் வீட்டு நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்போம். சம்பந்தி என்பதால், முதலாளி என்பதால், ஜமாஅத்தில் பெரியவர் என்பதால், கண்முன் நடக்கும் அநீதிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பணிப்பெண் அவமதிக்கப்படும்போது நமக்கும் ஏதோ ஓர் அவசர வேலை நினைவுக்கு வருகிறது. தகுதி அல்லாஹ் நமக்களித்த அமானிதம். அதைக் கொண்டு எளியவருக்காக ஒரு சொல் பேசினோமா என்று மறுமையில் கேட்கப்படுவோம்.

உரிய நேரத்தில் உண்மை பேசும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.